வெறுங்கழுத்துப் பென்ஷன்

"கழுத்தக் காட்டும்மா" என்றார் கிராம முன்சீப் துரைக்கண்ணு.

காட்டினேன். காட்டாமல் என்ன செய்வது? ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முசரவாக்கம் சேரியிலிருந்து நடந்து வந்து, அவர் வீட்டு வாசல் பந்தலில் நின்று, முந்தானையை விலக்கி, என் கழுத்தில் தாலி இல்லை என்று காட்ட வேண்டும். அவர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவரைப் போல் பார்ப்பார். பார்த்து முடித்தபின், 'போரில் இறந்த சிப்பாய் அர்ஜுனனின் விதவை சம்பூர்ணம் மறுமணம் செய்துகொள்ளவில்லை' என்று எழுதி முத்திரை குத்துவார். அந்தக் காகிதத்தைக் காஞ்சிபுரம் கஜானாவில் கொடுத்தால்தான் பென்ஷன் வரும்.

"இன்னும் கொஞ்சம் வெலக்கு. சில பேரு மஞ்சக் கயித்த உள்ளாற சொருவிக்கினு வந்துடுறாளுங்க."

"அதான் ஒண்ணும் இல்லியே ஐயா. எத்தினி வாட்டி பாப்பீங்க?"

"கவர்ன்மென்ட்டு கேக்குதும்மா. நானா கேக்கறேன்?"

கவர்ன்மென்ட் இப்படிப் பார்க்கச் சொல்லியிருக்காது என்று எனக்குத் தெரியும். என் வாயால் கேட்டு எழுதினாலே போதும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவர் பார்ப்பார். வீட்டுக்குப் போனதும் நான் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொள்வேன். தண்ணீருக்குப் போகிற எரிச்சலா அது? என் வீட்டுக்காரர் உயிரைக் கொடுத்ததற்காகப் பென்ஷன் தருகிறார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். போகப் போகத்தான் புரிந்தது. அவர் உயிருக்கு இல்லை, என் வெறுங்கழுத்துக்குத்தான் அந்தப் பணம்.

அவர் அறுபத்தைந்தாம் வருஷத்துச் சண்டையில் வடக்கே எங்கேயோ செத்தார். தந்தி வந்தது, பிறகு ஒரு தகரப் பெட்டி வந்தது, உடம்பு வரவில்லை. உடம்பு வராதவனுக்கு வைக்கோலில் பொம்மை கட்டி, அவன் சட்டையை அதற்கு மாட்டி, பிள்ளையானவன் தண்ணீர்க் குடம் சுமந்து சுற்றி வந்து உடைத்துக் கொள்ளி வைக்க வேண்டும் என்பது எங்களில் வழக்கம். எனக்கு ஏது பிள்ளை? கல்யாணத்துக்குப் பிறகு லீவில் இரண்டு தடவை வந்து போன மனுஷன். அதனால் கொழுந்தன் சிட்டிபாபுவைப் பிடித்தார்கள். பன்னிரண்டு வயது அவனுக்கு. தலையை மழித்து, ஈரத்துணி கட்டி, தோளில் குடத்தை ஏற்றிவிட்டார்கள். பாரம் தாங்காமல் தள்ளாடிக்கொண்டே சுற்றி வந்தான்.

கருமாதி அன்று என் மாமியார் தில்லையம்மாள் அந்த மொட்டைத் தலையனை இழுத்து வந்து, ஊரே பார்க்க என் மடியில் உட்கார வைத்தாள்.

"கொடம் ஒடச்சவன் புள்ளடி. இன்னியிலேருந்து இவன் ஒனக்குப் புள்ள. எம் மவன் அனாதையாப் போவல, புள்ள கையால கொள்ளி வாங்கிக்கினுதான் போனான்" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவள் சொல்லித்தான் அவன் எனக்குப் பிள்ளையானான் என்றில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவன் எட்டு வயதுப் பொடியன். அவனுக்குப் பேன் பார்த்தவள் நான். அம்மை போட்டபோது வேப்பிலை வைத்து விசிறியவள் நான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்தார் என்று அழுதுகொண்டு வந்தால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டவளும் நான்தான். தில்லையம்மாள் நாற்று நடப் போய்விடுவாள்; சோறு போட்டது என் கை.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் எனக்கு வேலை. சாயம் ஏறின பட்டுநூலை அலசி மூங்கிலில் உலர்த்த வேண்டும். கொதிக்கிற தொட்டியில் நூலை முக்கி எடுத்துப் பிழிகிற வேலை தாவீதுக்கு. அவன் திருப்புட்குழிப் பக்கம். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போவார்கள், பாதிப் பேர் அம்மன் கோயிலுக்குப் போவார்கள், பெண் கொடுப்பதும் எடுப்பதும் நடந்துகொண்டுதான் இருந்தது. மூன்று தங்கைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கு வயதாகிவிட்டது என்று சும்மா இருந்தவன் அவன்.

ஒரு நாள் அரக்குச் சாயம். முழங்கை வரை சிவப்பாக நின்றுகொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னான். "சம்பூர்ணம், ஒன்னியக் கட்டிக்கணும்னு இருக்குது. வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. நான் வேற பட்டறைக்குப் போயிடறேன். ஒனக்கு வேலை கெடக் கூடாது."

இருபத்தேழு வயது வரை என் வேலை கெடக் கூடாது என்று ஒருவனும் சொன்னதில்லை. மறுநாள் சரி என்றேன்.

பட்டறையில் கூட வேலை பார்த்த பெண்கள் எனக்குப் புத்தி சொன்னார்கள். "இன்னாத்துக்குடி தாலி? சும்மா சேந்து இருங்க. கழுத்துல கயிறு இல்லன்னா கவர்ன்மென்ட்டுக்கு இன்னா தெரியும்? பென்ஷனும் வரும், ஆளும் வருவான்." அவர்கள் சொன்னது சரிதான். கள்ளத்தனமாகச் சேர்ந்திருந்தால் மாதாமாதம் பணம் வரும், ஊரறியக் கட்டிக்கொண்டால் நின்றுவிடும். இந்த ஒழுக்கத்தைத்தான் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து எழுதி! தாவீதிடம் சொன்னேன். "திருட்டுத்தனமா வர மாட்டேன். வந்தா முன்வாசல் வழியாத்தான் வருவேன்" என்றான்.

அன்று மாலையே மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் பறந்து வந்து சுவரில் அடித்து விழுந்தது.

"எம் புள்ள உசுரக் குடுத்து வாங்கின சோறுடி இது! அத ஒதச்சிட்டுப் போறியா?"

"ஒதைக்கல அத்தை. நான் வேலை செஞ்சு ஒனக்குக் குடுக்கறேன். எங்க போனாலும் குடுப்பேன்."

"நூலு அலசற கூலியில எத்தினி வயிறு ரொம்பும்? சிட்டிபாபு சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிக் கொணாந்து கொட்டறது ஒப்புக்குக்கூடக் காணாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையாடி ஒனக்கு?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே பென்ஷனால்தான். தில்லையம்மாளுக்கு இடுப்பு போய்விட்டது, இனிமேல் நடவுக்குக் குனிய முடியாது. அவள் மேல் எனக்குக் கோபம் வந்தாலும் அவள் வயிற்றின் மேல் கோபம் வரவில்லை. பிள்ளையையும் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கும் பயந்து சாகிற கிழவியாக அவளை ஆக்கி வைத்தவர்கள் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு முனிரத்தினம் வந்தார். மிலிட்டரியில் ஹவில்தாராக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்களுக்கு வருகிற சர்க்கார் கடுதாசிகளையெல்லாம் அவர்தான் படித்துச் சொல்வார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மீசையைத் தடவினார்.

"தில்லையம்மா, எதுக்குக் கத்தறே? அதுக்கு ரூல்ல வழி இருக்குது. பொண்டாட்டிக்காரி வெளி ஆளக் கட்டினா பென்ஷன் கட் ஆயிடும். ஆனா செத்தவனோட தம்பியக் கட்டிக்கினு, அதே குடும்பத்தக் காப்பாத்திக்கினு இருந்தா, கட் ஆவாது. அப்படியே வந்துக்கினு இருக்கும்."

"யாரக் கட்டிக்கினு?" என்றேன். எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை.

"கொழுந்தனத்தான். வடக்கத்தி ஆளுங்ககிட்ட அதான் வழக்கம். நான் பஞ்சாப்ல இருந்தப்போ கண்ணால பாத்திருக்கேன். அண்ணன் செத்தா தம்பி ஒரு துப்பட்டிய எடுத்து அண்ணி மேல போத்துவான், கல்யாணம் முடிஞ்சுது. பட்டாளத்துல பாதி அவங்கதானே? அதுக்காவ எழுதின ரூலு அது."

அவர்கள் ஊரில் அது மரியாதையாக இருக்கலாம். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அண்ணி என்றால் தாய். அது தெரியாதவன் எழுதின ரூலை இங்கே என் கழுத்தில் மாட்டப் பார்க்கிறார்களே!

தில்லையம்மாள் முகத்தைப் பார்த்தேன். அதில் வெளிச்சம் வந்துவிட்டது.

"மாமா" என்றேன் முனிரத்தினத்திடம், "மொத அக்கா செத்து ஒரு வருசம் திரும்பறதுக்குள்ள நீ ரெண்டாங்கல்யாணம் பண்ணிக்கினியே, ஒன் பென்ஷன் நின்னுதா?"

"அது... நான் சர்வீஸ் பண்ணவன்மா."

"ஒன் கழுத்த எவனாவது வெலக்கிப் பாத்தானா? செத்தவளோட தங்கச்சியக் கட்டினாத்தான் குடுப்பேன்னு எவனாவது சொன்னானா? இன்னா பேச்சு பேசறே நீ! நான் பாலும் சோறும் ஊட்டி வளத்த புள்ளைய எனக்குப் புருசனாக்கறியே, ஒனக்கு நாக்கு கூசல?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சிட்டிபாபு எப்போது வந்தான் என்று தெரியாது, கதவோரம் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். அடுத்த நிமிஷம் சைக்கிளைக்கூட எடுக்காமல் தெருவில் ஓடினான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த நாட்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். தில்லையம்மாள் சோறு தின்பதை நிறுத்தினாள். கிணற்றில் விழுவேன் என்றாள். தெருவில் நடந்தால் பெண்கள் என் காதில் விழும்படி, "வெளியில போறதுக்கு உள்ளயே இருந்துடலாம், இல்ல?" என்று பேசிக்கொண்டார்கள். முன்சீப் துரைக்கண்ணு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். கொழுந்தனைக் கட்டினால் தானே கஜானாவுக்கு எழுதித் தருவாராம், செலவு ஒன்றும் வேண்டாமாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நாலு பேர் நாலு பக்கமும் பிடித்து இழுத்தார்கள்.

என்னைவிடப் பாவம் சிட்டிபாபு. பதினெட்டு வயது. நான் இருக்கிற இடத்தில் இருக்க மாட்டான். தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த் தின்பான். முன்னேயெல்லாம் 'அண்ணி, கொயம்பு ஊத்து' என்று அதிகாரம் செய்தவன், இப்போது தண்ணீர்கூடக் கேட்கவில்லை. என் பிள்ளையை என்னைப் பார்த்து வெட்கப்பட வைத்துவிட்டார்கள் பாவிகள். அதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பட்டறைக்கே வந்தான். வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணி, நான் மெட்ராஸ்க்கு ஓடிப் போயிடறேன்."

"நீ ஏன்டா ஓடணும்? நீ இன்னா தப்பு பண்ணே?"

"ஞாயித்துக்கெழமை அம்மன் கோயில்ல கூட்டம் போட்டிருக்குது அம்மா. கயிறுகூட மஞ்சத் தடவி வச்சிருக்குது. பேருக்குத்தான்டா, கவர்ன்மென்ட்டுக்காவத்தான்டா, நீ பாட்டுக்கு நீ இரு, அவ பாட்டுக்கு அவ இருப்பான்னு சொல்லுது. முடியாதுன்னு சொன்னா கெணத்துல விழறேன்னு சொல்லுது." சொல்லிக்கொண்டே வந்தவன் உடைந்து போனான். "ஒன் மூஞ்சியப் பாத்து அத எப்படி அண்ணி கட்டறது? செத்த அண்ணன் கண்ணு முன்னால வந்து நிக்காதா?"

அவன் முகத்தை என் ஈரக் கையால் துடைத்தேன். அவன் கன்னமெல்லாம் சாயம் ஆயிற்று. "ஓடாத. ஞாயித்துக்கெழமை நீயும் வா, நானும் வர்றேன். நீ ஒண்ணும் பேச வேணாம்" என்று சொல்லி அனுப்பினேன். தாவீது தொட்டி அருகிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "நானும் வரட்டுமா?" என்றான். "நீ வந்தா அது ஒன்னால நடக்கற சண்டைன்னு ஆயிடும். இது எனக்கும் அவங்களுக்கும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் பாதிச் சேரி கூடியிருந்தது. நாட்டாண்மை வேணுகோபால் பாயில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் முனிரத்தினம், மடிப்புக் கலையாத காக்கி அரை டிராயரில். தில்லையம்மாள் முன்னால் ஒரு தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, அதன் மேல் மஞ்சள் கயிறு. சிட்டிபாபு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

நாட்டாண்மை தொண்டையைச் செருமினார். "சம்பூர்ணம், ஒன்னைய யாரும் கட்டாயப்படுத்தலம்மா. ஒரு குடும்பம் கெடக் கூடாது, அவ்ளோதான். பேருக்கு ஒரு கயிறு. உள்ளாற நீ எப்படி இருக்கறன்னு நாங்க கேக்க மாட்டோம்."

"நாட்டாமை, எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்குது. அதுக்குப் பதில் சொல்லிட்டு நீங்க இன்னா சொன்னாலும் செய்யறேன். எம் புருசனுக்குக் கொடம் ஒடச்சது யாரு?"

"அது ஊருக்கே தெரியுமே. சிட்டிபாபுதான்."

"இன்னாவா ஒடச்சான்? தம்பியாவா, புள்ளையாவா?"

நாட்டாண்மை முனிரத்தினத்தைப் பார்த்தார், முனிரத்தினம் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். நான் மாமியார் பக்கம் திரும்பினேன்.

"அத்தை, நீ சொல்லு. ஒன் வாயால சொன்னவதானே நீ? இவன எம் மடியில ஒக்கார வச்சவ நீதானே? புள்ளையா ஒடச்சான்னா இவன் எனக்குப் புள்ள. தாயிக்குத் தாலி கட்டற புள்ளைய எந்த ஊர்ல பாத்திருக்கீங்க? எந்த கவர்ன்மென்ட்டு சொன்னா கட்டுவீங்க?"

"அது... அன்னிக்கு வேற ஆளு இல்லாம..." என்று தில்லையம்மாள் இழுத்தாள்.

"ஆளு இல்லாம சும்மா செஞ்சதா? சரி. அப்படியே சொல்லிடு. அன்னிக்கு நடந்தது பொம்மலாட்டம், இவன் புள்ள இல்லன்னு சொல்லு. இதோ, இங்கியே கழுத்த நீட்டறேன், கட்டச் சொல்லு. ஆனா அதோட இதையும் சொல்லணும். ஒன் மூத்த மவனுக்குப் புள்ள கையால கொள்ளி விழல. ஆறு வருசமா அவன் அந்த வடக்கத்தி எல்லையில கொள்ளி இல்லாம, தண்ணி இல்லாம அலைஞ்சிக்கினு இருக்கான். பென்ஷன் போதும், அவன் அலையட்டும்னு அம்மன் முன்னால சொல்லு!"

நான் கத்தின கத்தலில் வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்தது. பெற்றவளிடம் பேசுகிற பேச்சா அது? இல்லைதான். ஆனால் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் என் கழுத்து அவ்வளவு தூரம் வந்து நின்றது.

தில்லையம்மாள் தட்டிலிருந்த கயிற்றைப் பார்த்தாள், சிட்டிபாபுவின் தலையைப் பார்த்தாள். சொல்வதற்கு ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் பென்ஷன் நிற்காது, சோறு நிற்காது. ஆனால் அவள் பிள்ளை கொள்ளி இல்லாதவன் ஆகிவிடுவான். எந்தத் தாயால் அதைச் சொல்ல முடியும்? அவள் கயிற்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டை அங்கேயே விட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

நாட்டாண்மை பாயைச் சுருட்டினார். சிட்டிபாபு எழுந்து வந்தான். பல நாளைக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். "பசிக்குது அண்ணி" என்றான்.

ரிஜிஸ்தர் ஆபீசில் எனக்கும் தாவீதுக்கும் கல்யாணம் நடந்தது. பட்டறை ஆட்கள் மாலையும் தாலியும் வாங்கி வந்தார்கள். பெண் வீட்டுச் சார்பில் யார் கையெழுத்து என்று கேட்டபோது சிட்டிபாபு முன்னால் வந்து போட்டான். தில்லையம்மாள் வரவில்லை. நான் பிள்ளையார்பாளையத்துக்குக் குடிவந்தேன். கூலி வாங்குகிற நாளில் அவளுக்கு அரிசி வாங்கிச் சிட்டிபாபுவிடம் கொடுத்தனுப்புவேன். வாங்கிக்கொள்வாள், என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாளாம்.

அடுத்த தவணை வந்தது. "நீ போவாமலே இருந்தா அவங்களே நிறுத்திடுவாங்க" என்றான் தாவீது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷம் வெறுங்கழுத்தைக் காட்டினவள் தாலியோடு போய் ஒரு தடவை நிற்காமல் விடுவேனா? முந்தானையை இழுத்து மூடாமல், தாலி வெளியில் தெரிய, கஜானாவுக்குப் போனேன்.

வாசலில் தில்லையம்மாள் நின்றிருந்தாள். துவைத்த புடவை, எண்ணெய் வைத்து வாரின தலை. சிட்டிபாபு சைக்கிளில் கொண்டுவந்து விட்டிருந்தான்.

"நீ எங்க வந்தே அத்தை?"

"எம் புள்ள பென்ஷன் நிக்கறத நானும் பாக்க வாணாமா?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

உள்ளே வரிசையில் எனக்குப் பின்னால் நின்றாள். குமாஸ்தா சீனிவாசன் நல்ல மனுஷன், எங்களையெல்லாம் நாற்காலியில் உட்காரச் சொல்கிறவர். என்னை நிமிர்ந்து பார்த்ததும் அவர் பேனா நின்றது.

"என்னம்மா இது? கல்யாணம் ஆயிடுத்தா?"

"ஆச்சுங்க. எழுதிக்குங்க."

"எழுதினா நின்னுடுமே..." அவர் குரலைத் தாழ்த்தினார். "புருஷனோட தம்பியா? தம்பின்னா ஒண்ணும் ஆகாது. தம்பிதான்னு மாமியார் ஒரு கைநாட்டு வச்சாப் போதும், நான் ஒரு வரி எழுதி மேலே அனுப்பிடறேன். யாரும் வந்து பாக்கப் போறதில்லை."

நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. இல்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தில்லையம்மாள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். இதற்குத்தான் குளித்து முழுகி வந்திருக்கிறாள், ஒரு விரலை அழுத்தினால் சோறு, அழுத்தத்தான் போகிறாள்.

"தம்பி இல்ல சாமி" என்றாள் தில்லையம்மாள். கஜானா முழுக்கக் கேட்கிற குரல். "வேற ஆளு. சாயப்பட்டறையில வேலை செய்யறான். எம் மருமவ ஊரறியக் கட்டிக்கினா. நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோ. எம் புள்ள உசுரக் குடுத்தான், பொண்டாட்டிய ஒங்களுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போவல!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சீனிவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இவங்களுக்கு நின்னுடும்மா. ஆனா தாயார்னு நீங்க ஒரு மனுப் போடலாம். கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன், மேலே போகணும், வருஷக்கணக்கா இழுப்பாங்க. போடறீங்களா?"

"போடறேன்."

"உங்களைக் காப்பாத்த வேற ஆம்பளைப் பிள்ளை இருக்கானான்னு கேப்பாங்க. இருக்கானா?"

தில்லையம்மாள் வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே வெயிலில் சிட்டிபாபு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவள் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அந்த மஞ்சள் கயிறு இருந்தது. அதை எடுத்து மேசை ஓரத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, மை டப்பாவில் கட்டைவிரலை வைத்தாள்.

"எனக்கு ஏது சாமி வேற புள்ள? இருந்தவன ஆறு வருசத்துக்கு முன்னாலயே இவ மடியில ஒக்கார வச்சு இவளுக்குக் குடுத்துட்டேன்."